உப்பு மூட்டை சொல்லிக்கொடுத்த குதிரையேற்றம்

2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெசாஜ் எனும், குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் பிரிவின் அணிப் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகள் கழித்து நமக்குக் கிடைத்த தங்கம். அந்தக் காணொளியை நானும் என் மகளும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். குதிரை பக்கவாட்டில் கால் மாற்றிப் போட்டு மிதந்து போகிறது. மேலே இருப்பவர் ஒன்றுமே செய்யாதவர் போல உட்கார்ந்திருக்கிறார். அந்த உட்காருதல் என் மனசில் தங்கிவிட்டது. அடுத்த தை பிறந்ததும், 39 வயதில், சென்னைக்குத் தெற்கே கடற்கரையை ஒட்டிய ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். வாரம் இரண்டு நாள், காலை ஆறு மணி வகுப்பு. ஏழரைக்கு மேல் வெயில் ஏறிவிட்டால் குதிரைக்கும் ஆகாது, நமக்கும் ஆகாது.

நான் கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள். நாளுக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலி. எதையும் பட்டியல் போட்டுப் படிக்கிற பழக்கம். குதிரையேற்றத்தையும் அப்படித்தான் படித்தேன். குதிகால் கீழே, தோள் பின்னே, முழங்கை ஒட்டி, பார்வை நேரே, முதுகு நிமிர்ந்து. ஏறும்போதே வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். ஒவ்வொன்றையும் சரிபார்த்துச் சரிபார்த்து, கடைசியில் உடம்பில் இறுகாத இடமே இருக்காது.

எனக்குக் கொடுத்த குதிரையின் பெயர் செல்லி. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் இனக் குதிரை, 11 வயது, கரும்பழுப்பு. லாயத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ் அண்ணன் வைத்த பெயர் அது. வகுப்பு முடிந்து சேணத்தைக் கழற்றும்போது ஒவ்வொரு முறையும் அவர் அடியில் விரித்த துணியைக் காட்டுவார். துணியின் ஓரம் இடப்பக்கம் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கும். சேணம் வலப்பக்கம் ஒரு விரல் நகர்ந்திருக்கும். "மேடம், நீங்க வலது பக்கமா சாயுறீங்க. அதுக்கு முதுகு வலிக்கும்." நான் தலையாட்டுவேன். அடுத்த வகுப்பில் பட்டியலில் இன்னொரு வரி சேரும்: சாயாதே.

மூன்றாவது மாதம் விழுந்தேன். ட்ராட்டில், அதாவது குதிரையின் துள்ளு நடையில், போய்க்கொண்டிருந்தோம். வேலியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பை ஒன்று காற்றில் படபடத்தது. செல்லி ஒரு துள்ளு துள்ளிக் கேன்டருக்கு, அதைவிட வேகமான பாய்ச்சல் ஓட்டத்துக்கு, மாறினாள். நான் பயத்தில் முன்னால் குனிந்தேன், முழங்காலால் இறுக்கினேன், கடிவாள வாரைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். நிறுத்தத்தான் அத்தனையும் செய்தேன். ஆனால் முன்னால் குனிந்த முதுகு, குட்டையாகப் பிடித்த வார், வாயில் ஏறும் இறுக்கம் எல்லாம் ஒரு பந்தயக் குதிரைக்கு வருஷக்கணக்காக ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லியிருக்கின்றன. ஓடு. அவள் சொன்னதைக் கேட்டாள். மூலையில் அவள் திரும்பினாள், நான் திரும்பவில்லை. மணலில் இடது தோள் பட விழுந்தேன். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. எலும்பு முறியவில்லை, ஆனால் தோள் கருநீலமாகி மூன்று வாரம் கையைத் தூக்க முடியவில்லை.

வலியைவிட அதிகமாக என்னை அரித்தது வேறொன்று. நான் அவளிடம் "நில்" என்று சொன்னதாக முழுமனதாக நம்பியிருந்தேன். என் உடம்பு "ஓடு" என்று சொல்லியிருக்கிறது.

தோள் ஆறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். ஏழு வயது மகள் பின்னாலேயே வந்து, "அம்மா, உப்பு மூட்டை" என்று முதுகில் ஏறிக்கொண்டாள். 22 கிலோ. தண்ணீர்த் தொட்டி வரை நடந்து திரும்பினேன். முதலில் சோம்பலாகத் தோளில் முகத்தைச் சாய்த்துக் கிடந்தாள். மணல் மூட்டை மாதிரி கீழே கீழே இழுத்தது. கைப்பிடிச் சுவர் பக்கம் போனதும் கீழே தெருவைப் பார்த்துப் பயந்து, கழுத்தை இறுக்கி, முழங்காலால் விலாவை நெருக்கினாள். எனக்கு மூச்சு முட்டியது. என்னை அறியாமல் நடை வேகமானது. அந்தப் பிடியிலிருந்து தப்பிக்க வேண்டும் போல இருந்தது. பிறகு வலப்பக்கம் ஒரு காக்கையைப் பார்க்க எட்டிச் சாய்ந்தாள். விழாமல் இருக்க நானும் வலப்பக்கம் ஓரடி வைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான் திரும்பிவிட்டேன்.

கடைசியில் அவளுக்கு விளையாட்டு பிடித்துப்போனது. நிமிர்ந்து உட்கார்ந்து, நாக்கைத் தட்டிக் குளம்புச் சத்தம் எழுப்பிக்கொண்டு, என் நடைக்குத் தகுந்தபடி தானும் ஏறி இறங்கினாள். அதே 22 கிலோதான். பாதியாகக் குறைந்தது போல இருந்தது. ஓடக்கூட முடிந்தது.

இருட்டும்வரை இறக்கவே இல்லை. மறுபடி சாயச் சொன்னேன், மறுபடி இறுக்கச் சொன்னேன், மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். மூச்சைப் பிடித்தால்கூட முதுகுக்குத் தெரிகிறது. ஒரு ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிற உயிர் குதிரை. அதன் முதுகில் மூன்று மாதமாக நான் என்னவெல்லாம் கத்தியிருப்பேன் என்று அன்றுதான் புரிந்தது.

எனக்குக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் ராணுவக் குதிரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், வேலூர்ப் பக்கம். திரும்பப் போனதும் மொட்டை மாடிக் கதையைச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். "இத்தனை நாள் நான் சொன்னதைக் காதால கேட்டீங்கம்மா. இப்பதான் முதுகால கேட்டிருக்கீங்க" என்றார். அடுத்த ஆறு வாரம் கடிவாள வார் கிடையாது, அங்கவடியும் கிடையாது என்று முடிவு செய்தார். அங்கவடி என்பது சேணத்திலிருந்து தொங்கும் கால் வைக்கும் வளையம்; லாயத்தில் எல்லோரும் ஸ்டிரப் என்றுதான் சொல்வார்கள். நீண்ட கயிற்றில் செல்லியைப் பிடித்துக்கொண்டு வட்டமாக விடுவார். லஞ்சிங் என்பார்கள். குதிரையை அவர் பார்த்துக்கொள்வார். உட்காருவது மட்டும் என் வேலை.

உட்காருவது என்றால் என்ன என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். உள்ளங்கையை மேல்நோக்கிப் புட்டத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பக்கமும் கூராக இரண்டு எலும்பு குத்தும். அவை இரண்டும் சேணத்தில் சமமாகப் படிய வேண்டும். எனக்கு வலது எலும்பு நன்றாகத் தெரிந்தது, இடது எலும்பு இருக்கிற இடமே தெரியவில்லை. அலுவலகத்தில் மவுஸ் பிடித்தபடி வலது புட்டத்தில் சாய்ந்தே உட்காருகிறேன் என்பதை மறுநாள் போய்த்தான் கவனித்தேன். சைஸ் அண்ணன் காட்டிய துணியின் காரணம் என் நாற்காலியில் இருந்தது.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க வேண்டும் என்பது எல்லாப் பள்ளியிலும் சொல்வதுதான். மாஸ்டர் சொன்ன சோதனை எனக்கு அதைவிடப் பிடித்தது: உங்களுக்குக் கீழே இருக்கிற குதிரை இந்த நொடியில் மாயமாகிவிட்டால் நீங்கள் தரையில் எப்படி விழுவீர்கள்? கால் ஊன்றி நின்றால் சரி. பின்னால் மல்லாந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், முன்னால் குப்புற விழுந்தால் பயத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே செனஃபோன் என்ற கிரேக்கர், நாற்காலியில் இருப்பது போல உட்காராதே, காலை அகட்டி நேராக நிற்பவன் போல உட்கார் என்று எழுதி வைத்திருக்கிறார். அவர் காலத்தில் அங்கவடியே கிடையாது. அங்கவடி இல்லாமல் நானும் உட்கார்ந்தபோது, அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது தொடைக்குத் தெரிந்தது.

முழங்கால்தான் என்னைவிட்டுப் போகாத வியாதி. கொஞ்சம் ஆட்டம் கண்டதும் முழங்கால் இறுகும். இறுக்கினால் பிடிமானம் கூடும் என்று தோன்றும், ஆனால் துணிக்கவ்வியை வழுவழுப்பான பானையில் மாட்டினால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும்; மேலே மேலே நழுவும். இதை நம்புவதற்கு எனக்கு உதவியது டென்மார்க்கின் லிஸ் ஹார்டெலின் கதை. இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்தவர். குதிரையில் ஏறவும் இறங்கவும் மற்றவர்கள் உதவ வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெசாஜில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். பெண்களுக்கு அந்தப் போட்டி திறந்துவிடப்பட்ட முதல் ஒலிம்பிக் அது. 1956-லும் வெள்ளி. கெண்டைக்கால் உதவியே இல்லாமல், எடையாலும் முதுகாலும் பேசி அவரால் முடிந்திருக்கிறது. நான் எதற்காக முழங்காலை இவ்வளவு நம்ப வேண்டும்?

இடுப்பைத் தளர்த்துவது எப்படி என்பதற்கு எனக்குத் தஞ்சாவூர்தான் துணை. எங்கள் ஊர்த் திருவிழாவில் பொய்க்கால் குதிரை வரும். கட்டைக்காலில் நின்று, இடுப்பில் குதிரைக் கூட்டை மாட்டிக்கொண்டு ராஜாவும் ராணியும் ஆடுவார்கள். இடுப்புக்குக் கீழே குதிரை குதிக்கும், இடுப்புக்கு மேலே ராஜா நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே ஆள். "குதிரைமேல் உட்காருகிறேன்" என்று நினைக்காமல் "இடுப்புவரை நான் குதிரை" என்று நினைத்த அன்றைக்கு என் இடுப்பு செல்லியின் முதுகோடு போய் வரத் தொடங்கியது. நிமிர்வதற்கென்று தனியாக முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ட்ராட் வந்ததும் பழைய கதை திரும்பியது. மூச்சு நின்றுவிடும். மூச்சு நின்றால் விலா இறுகும், விலாவைத் தொட்டு இடுப்பு, இடுப்பைத் தொட்டு முழங்கால். "பாடுங்கம்மா" என்றார் மாஸ்டர். பாடுகிறவரால் மூச்சைப் பிடித்துவைக்க முடியாது என்பது அவர் கணக்கு. எனக்குப் பாட வராது. வாயில் வந்தது மகளின் நடன வகுப்பு ஜதி. வீட்டில் தினமும் தட்டிக்கொண்டிருப்பாள். நடையில் போகும்போது "தகதிமி தகதிமி" என்று சொல்லிப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. குதிரையின் நடைக்கு நான்கு அடி, நான்கு குளம்பும் தனித்தனியாக விழும். ட்ராட்டுக்கு இரண்டே அடி, மூலைக்கு மூலை இருக்கிற கால்கள் ஜோடியாக விழும்: தக, தக. கேன்டருக்கு மூன்று அடி, பிறகு நான்கு காலும் தரையில் படாத ஒரு கணம்: தகிட, ஒரு வெற்றிடம், தகிட, ஒரு வெற்றிடம். சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த ஜதிக்குள் குதிரை ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்த அந்தக் காலையில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றிலிருந்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். ட்ராட்டில் ஏறி இறங்கும்போது "த"வுக்கு எழுந்து "க"வுக்கு உட்காருவேன். எப்போது எழ வேண்டும் என்று யோசித்த காலத்தில் தினமும் தவறும். ஜதி சொன்னால் தானாக வருகிறது. நடையைக் குறைக்க வேண்டுமா, ஜதியைக் காலம் குறைத்துச் சொல்வேன். வார் அசைவதற்குள் செல்லி குறைத்துவிடுவாள். என் குரலால் என்பதைவிட, சொல்லும்போது என் இடுப்பு மெதுவாவதால். குதிரை கேன்டரில் ஓடும்போது ஒரு வீச்சுக்கு ஒரு மூச்சு என்றுதான் விடும், அதன் உடம்பு அப்படி. மூச்சும் அடியும் ஒன்றாகக் கட்டிய ஒரு உயிரின் மேல் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு எப்படி இருக்கும்?

இதற்குப் பிறகு எங்கள் வகுப்பில் விளையாட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை மகள் கூட வருவாள். வேலிக்கு வெளியே உட்கார்ந்து, எதிர்பாராத நேரத்தில் "ஸ்டாச்சு" என்பாள். குதிரை மிரளக் கூடாது என்று மெல்லிய குரலில் சொல்லப் பழக்கியிருக்கிறோம். வாரை இழுக்காமல் நான் செல்லியை நிறுத்த வேண்டும். மூச்சை நீளமாக வெளியே விட்டு, எடையைக் கீழே இறக்கி, இடுப்பைக் குதிரையோடு போகவிடாமல் நிறுத்துவது மட்டும்தான். முதல் நாள் ஒன்பது அடி போய் நின்றாள். ஒரு மாதத்தில் இரண்டே அடி. "ரிலீஸ்" என்றதும் இடுப்பை விட்டால் கிளம்பிவிடுவாள்.

அடுத்தது எலுமிச்சையும் கரண்டியும். பள்ளி விளையாட்டு விழாவில் வாயில் கவ்விக்கொண்டு ஓடுவோமே, அதைக் கையில் பிடித்துக்கொண்டு குதிரைமேல். கரண்டியில் பழம் நிற்க வேண்டுமென்றால் உடம்பு ஆடினாலும் கை ஆடக் கூடாது. தோளும் முழங்கையும் இளகியிருந்தால்தான் அது நடக்கும். அதே கைதான் நாளைக்குக் குதிரையின் வாயைப் பிடிக்கப் போகிறது. எலுமிச்சையையே முறைத்துப் பார்த்தால் தலை தொங்கும். தலை கிட்டத்தட்ட ஐந்து கிலோ, அது முன்னால் தொங்கினால் முதுகும் அதோடு முன்னால் போகும், பழம் விழும். எதிரே இருக்கிற தென்னை உச்சியைப் பார்த்தால் பழம் தானாக நிற்கும். "பார்வை நேரே" என்று பட்டியலில் எழுதிவைத்து மூன்று மாதம் செய்ய முடியாததை எலுமிச்சை இரண்டு காலையில் செய்ய வைத்தது.

விளையாட்டு என்றால் பொறுப்பில்லாமல் இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஹெல்மெட் இல்லாமல் ஒரு நிமிடம்கூட வேண்டாம். குதிகால் உள்ள காலணி போடுங்கள், இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ளும். கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஏறும் முன் வயிற்று வாரை நீங்களே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். லஞ்சிங்கில் வாரில்லாமல் பழகுவது பொறுப்பான ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மட்டும்.

இன்னொன்று, விளையாட்டு குதிரைக்கும் விளையாட்டாக இருக்க வேண்டும். செல்லியின் ஒரு காது என் பக்கம் திரும்பி, வாயை மென்றுகொண்டு, அவ்வப்போது மூக்கால் "புர்ர்" என்று ஊதினால் அவளும் இதில் இருக்கிறாள். வாலைச் சுழற்றி அடித்து, கழுத்தைத் தூக்கி, காதைப் பின்னால் மடித்தால் இல்லை. அன்றைக்கு இறங்கி, பக்கத்தில் நடந்து, புல் மேயவிட்டுத் திரும்பிவிடுவேன். கட்டணம் வீணாகிறதே என்று ஆரம்பத்தில் தோன்றியது உண்டு, இப்போது தோன்றுவதில்லை. அந்தக் கிரேக்கர் இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: நடனக்காரரைச் சாட்டையால் அடித்தும் முள்ளால் குத்தியும் ஆடவைத்தால் அதில் எப்படி அழகு இருக்காதோ, கட்டாயத்தில் குதிரை செய்வதிலும் அழகு இருக்காது என்று. ஜதி சொல்லி ஓட்டுகிற எனக்கு அந்த ஒப்பீடு ரொம்ப நெருக்கம்.

வீட்டில் செய்வது கொஞ்சம்தான். மாடிப்படி ஓரத்தில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலைக் கீழே இறங்கவிடுவேன், அழுத்தாமல், அதன் எடையில். சாப்பாடு தரையில் சப்பணம் போட்டு. குத்தவைத்து உட்கார்ந்து கீரை ஆய்வது இடுப்புக்கும் கணுக்காலுக்கும் எந்த உடற்பயிற்சிக்கும் குறைந்ததில்லை. மவுஸை வாரம் விட்டு வாரம் இடது கைக்கு மாற்றினேன். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது, ஆனால் இடது எலும்பு திரும்பக் கிடைத்தது அதனால்தான்.

விழுந்து ஐந்து மாதம் கழித்து, ஆவணியில், மறுபடி கேன்டர். மாஸ்டர் நடுவில் நின்றார், கயிறு இல்லை. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை. மூலையைத் தாண்டி, மூச்சை வெளியே விட்டு, "தகிட" என்றேன். செல்லி எழும்பினாள். முதல் வீச்சில் முழங்கால் இறுகத்தான் செய்தது. இரண்டாவது "தகிட"வில் விட்டுவிட்டேன். அந்த வெற்றிடம் வந்தது, நான்கு காலும் தரையில் இல்லாத அந்தக் கணம். அதற்குள் நானும் இருந்தேன், அவளோடு. வேலி, தென்னை, வேலிக்கு அப்பால் மகள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. இரண்டு சுற்று. பிறகு ஜதியை இறக்கினேன்: தக, தக, தகதிமி. நடைக்கு வந்தாள். கழுத்தை நீட்டித் தாழ்த்தி நீளமாக ஊதினாள்.

லாயத்தில் சைஸ் அண்ணன் வயிற்று வாரை அவிழ்த்தார். சேணத்தைத் தூக்குவதற்கு முன் குனிந்து இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், சுற்றிப் போய் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். துணியின் ஓரம் இரண்டு பக்கமும் ஒரே அளவு தெரிந்தது. எனக்குக் காட்டவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. துணியை உருவி, வியர்வைப் பக்கம் வெயிலைப் பார்க்கக் கொடியில் விரித்துவிட்டு, செல்லிக்குத் தண்ணீர் வாளியை எடுக்கப் போனார்.